நாளைக்குப் பெய்த மழை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தப் பின்பக்கத்தை யாரிடமும் காட்டிவிடாதே, உன் ஹாஸ்டல் அறையில் இருக்கும் அந்த நர்ஸ் அக்காவிடம்கூட. முன்பக்கம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, அதை யார் படித்தாலும் பரவாயில்லை, ஈரத்தலையோடு தூங்காதே, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார் என்பதுதான் இருக்கிறது. இதைப் படித்ததும் கிழித்துப் போடு. முன்பக்கமும் சேர்ந்து கிழியும், கிழியட்டும், அம்மா அடுத்த கடிதத்திலும் அதையேதான் சொல்லப்போகிறாள். இங்கே அம்மா நலம், அப்பா நலம், உன் நலத்துக்கு முன்பக்கத்திலேயே வேண்டிக்கொண்டாயிற்று. நான்தான் நலமாக இல்லை.

எல்லாம் அப்பா நடத்துகிற நம் வாரப் பேப்பரால் வந்தது. நீ போன பிறகும் அது மாறவே இல்லை. போன மாதம் சலூன்காரர் கடையில் ஒரு துடைப்பம் காணாமல் போனதற்கு ‘மர்ம நபர்கள் துணிகரம், பொதுமக்கள் பீதி’ என்று முதல் பக்கத்தில் போட்டார் அப்பா. தையல்காரரின் மாமனார் இறந்துவிட்டதாகத் தவறாகப் போட்டு, அடுத்த வாரம் ‘அவர் நலமுடன் இருக்கிறார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று திருத்தம் போட்டார். அந்தத் தாத்தா நம் பிரஸ் வாசலில் வந்து நின்று, இதுல எதுக்குப்பா உனக்கு வருத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். நடக்கப்போகிற விழாவை அழைப்பிதழைப் பார்த்தே நடந்ததாக எழுதிவிடுகிற பழக்கமும் அப்படியே இருக்கிறது. கேட்டால், வாரம் பூரா வச்சுப் படிக்கிற பேப்பர்தானே, அதுக்குள்ள நடந்து முடிஞ்சிருக்கும் என்கிறார். பாலத்திறப்பு விழாவுக்கு வரவேண்டிய அதிகாரி பல்வலியில் வராமல் போனார் அல்லவா, பேப்பரில் திறந்தாச்சுன்னு இருக்கே, ஏன் வழிய மறிக்கிறீங்க என்று ஜனங்கள் சண்டைக்குப் போக, மேஸ்திரியே கம்பி வெட்டுகிற குறட்டால் ரிப்பனை வெட்டிவிட்டார். இந்த ஊரில் கண்ணால் பார்த்ததைவிட நம் பேப்பருக்குத்தான் மதிப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை சனிக்கிழமை, காலையில் பேப்பர் வரும், சாயங்காலம் பள்ளி ஆண்டு விழா. பேச்சுப் போட்டிக்கு அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். போன வருஷம் மேடை ஏறி ‘அவையோர்களே’ என்று சொல்லிவிட்டு மணி அடிக்கும்வரை அப்படியே நின்றேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த வருஷம் எலக்ட்ரீஷியன் மகள்தான் ஜெயிக்கவேண்டும். அவள் பேசினால் மின்விசிறிகூடச் சத்தம் போடாது. அவள்தான் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், என்னோடு பேசுகிற ஒரே ஆள். இன்று ராத்திரி அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கீழே பிரஸ்ஸில் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ‘பேச்சுப் போட்டியில் நம் இதழாசிரியரின் இளைய மகள் முதலிடம், கண்கலங்காதவர் எவருமில்லை’ என்று இருந்தது. நடுவர்களில் ஒருவர் பர்னிச்சர் கடைக்காரர், நம் கடைசிப் பக்க விளம்பரம் அவருடையது. காலையில் இதைப் படித்தால் சாயங்காலம் நான் வாயே திறக்காவிட்டாலும் கப்பை என் கையில் கொடுத்துவிடுவார். அவள் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பேன். அப்பாவிடம் சொன்னேன் அக்கா. அட அசடே, நம்ம பேப்பர்ல நம்ம பொண்ணு பேரு வரக்கூடாதா, அப்பா ஆசைப்பட்டுப் போட்டிருக்கேன் என்று சிரித்துக்கொண்டே கைகழுவப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் அழித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருந்தால் தெரிந்துவிடுமே, என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பா எழுதுகிற மாதிரியே ‘சனிக்கிழமை பெய்த பலத்த மழை காரணமாகப் பள்ளி ஆண்டு விழா ஒத்திவைக்கப்பட்டது, தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்ததால் பொதுமக்கள் பெரும் அவதிக்குள்ளாயினர்’ என்று அடித்தேன். அப்படியும் இரண்டு வரி மிஞ்சியது. ஒரு மரத்தை வேரோடு சாய்த்தேன், அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் ஏதுமில்லை. அப்பா வந்து, எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கம்தான் அவருக்குக் கிடையாதே, அப்படியே அச்சுக்கு விட்டுவிட்டார். அச்சாகி வருகிற முதல் பிரதியைத்தான் டீயோடு உட்கார்ந்து வேறு யாரோ எழுதியது போல ரசித்துப் படிப்பார். ஜன்னலில் பார்க்கிறேன், வானத்தில் பொட்டு மேகம் இல்லை, நட்சத்திரம் எல்லாம் என்னையே பார்க்கிறது. இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் இப்போது நின்றுவிட்டது. அப்பா கேட்டால் என்ன சொல்லட்டும், நீ பக்கத்தில் இருந்தால் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

அம்மாவின் ஆசீர்வாதம் முன்பக்கத்தில் இருக்கிறது, அதில் கொஞ்சம் எனக்கும் வைத்துக்கொள்கிறேன். கிழிக்க மறந்துவிடாதே. இப்படிக்கு உன் அன்புத்

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறார், அப்பாதான். பாப்பா, முழிச்சிருக்கியா, வெளிய ஒரே மழையாமே, நம்ம பேப்பர்லயே வந்திருக்கு, மொட்டைமாடில காயுற துணிய எல்லாம் எடுத்தாச்சா என்று கே