பூஜைக்கு இறக்கிய பெட்டிகள்

அக்டோபர் 6, திங்கள்
லீவு முடிந்து தல்லாகுளம் ஆபீசுக்குள் நுழைந்தால் தாமரைச்செல்வி இல்லை. வெள்ளிக்கிழமையே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு ஃபைல் வெளியே மெயிலில் போயிருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்று பார்த்தால் செல்வி பெயர். "நீ எழுதி வெச்ச பேருதானே, திவ்யா," என்கிறார் மேனேஜர் ராஜாராமன் சார்.

ஆமாம், நான் எழுதியதுதான்; ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியின் நெட்வொர்க் கார்டுக்கும் மாறாத ஓர் எண் உண்டு. சர்வரில் ஒரு ஃபைலில், அந்த எண்ணுக்கு நேரே, அதன் முன் உட்காருபவரின் பெயரைப் போட்டிருக்கிறேன். சர்வருக்குப் பெட்டியைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. மெயில் யாருக்குப் போனது என்றாவது பார்த்தார்களா? இல்லை. செல்வி பெயரைப் பார்த்ததும் போதுமென்று ஆகிவிட்டது.

அக்டோபர் 7
செல்விக்குப் போன் செய்தேன். "நான் அந்த ஃபைலத் தொடவே இல்லக்கா. எங்க பேரையூர்ல அம்புட்டுப் பேரும் என்னத்தத் திருடுனன்னு கேக்குறாக."



அக்டோபர் 8
போன வாரம் நடந்த ஆயுத பூஜை. குழப்பம் அங்கேதான். நான் லீவில் இருந்தபோது எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, பொட்டு வைத்து — திரும்ப மாட்டும்போது கைக்கு வந்ததை வந்த மேசையில் மாட்டியிருக்கிறார்கள். நான் ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கர்களையும் சுரண்டிவிட்டார்கள். பிசுபிசுன்னு இருந்துச்சாம். எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மேசை மேசையாகக் குனிந்து எண்ணைப் பார்த்தேன். செல்வியின் பெட்டி ராஜாராமன் சார் அறையில், அவர் காலடியில். குங்குமம்கூட அழியவில்லை.

அக்டோபர் 9
சாரிடம் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "ஓ, அதுவா. ஆத்துல பாக்கலாம்னு நான்தான் என் மெயிலுக்கு அனுப்பிண்டேன். அதுல என்ன தப்பு?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். "அப்ப செல்வி, சார்?" என்றேன். "வரச் சொல்லு. இதை யாரும் பெருசு பண்ண வேண்டாம்." அவ்வளவுதான். ஒரு மன்னிப்புக்கூடக் கிடையாது. 

அக்டோபர் 10
செல்விக்குப் போனில் சொன்னேன். "நான் வரலக்கா. ஒரே ஒரு ஒதவி. அந்த சர்வர் ஃபைல்ல எம்பேரு இருக்க வேணாம். எடுத்துருங்க."

எடுத்தேன். பெட்டி யார் காலடியில் இருக்கிறதோ அவர் பெயரைப் போட்டேன்.

அக்டோபர் 13
சார் இன்று கூப்பிட்டார். "என் பேரெல்லாம் எதுக்கும்மா அதுல? வெறும் நம்பர் போதுமே."

மாற்றவில்லை.