என் பெயரின் பின்பாதி

1993 ஜனவரி 18, திங்கள்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் வாசியுங்கள், ஆனால் ஒருவருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவுக்கு. அம்மாவின் பெயர் யோகராணி. மோர்னிங்சைடில் எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

பகலில் கொப்பி பள்ளிக்கூட லொக்கரில் இருக்கும். லொக்கர் ஷாமிலாவோடு பங்கு. அவள் இங்கே பிறந்தவள், தமிழ் வாசிக்க வராது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். நான் ஒன்பது வயதுவரை யாழ்ப்பாணத்தில் படித்தவள்.

இன்று இங்கிலிஷ் ரீச்சர் ஒரு கடிதம் தந்தார். போன மாதம் பேப்பரில் வந்த என் கட்டுரைக்கு யாரோ எழுதியிருக்கிறார்களாம். பஸ்ஸில் உடைத்தேன். கடிதம் எனக்கு அல்ல. அப்பாவுக்கு.

ஜனவரி 19

எழுதினால்தான் மூச்சு வரும்போல இருக்கிறது.

அப்பா கனடாவுக்கு வந்தபோது, குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் எங்கள் வழக்கப்படி தன் அப்பாவின் பெயரை எழுதினார். சின்னத்தம்பி. ரெலிபோன் புத்தகத்திலும் வேலையிலும் அவர் மிஸ்டர் சின்னத்தம்பிதான். எனக்குக் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். துர்க்கா செல்வரட்ணம். வெள்ளைக்காரர் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பெயர் என்பதால், செல்வரட்ணம் என்று அப்பாவைத் தேடுகிறவருக்கு அப்பா கிடைக்கமாட்டார். நான் கிடைப்பேன். கிடைத்துவிட்டேன்.

கட்டுரையில் எழுதியது இதுதான்: என் அப்பா சோவியத் யூனியனில், கீவில், எஞ்சினியருக்குப் படித்தவர், இங்கே இரவில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறார். கீவ் கதையை வெளியில் சொல்லக்கூடாது என்று அப்பா எத்தனை தரம் சொன்னார். அகதி விண்ணப்பத்தில் கொழும்பில் படித்ததாக எழுதியிருக்கிறது. கம்யூனிஸ்ட் நாடென்றால் பிரச்சினை வரும் என்று போம் நிரப்பினவர் அப்படி எழுதச் சொன்னாராம். ஷாமிலாவின் அப்பா அக்கவுண்டன்ற். எனக்கும் ஒரு அப்பாவைப் பற்றி எழுத ஆசையாக இருந்தது.

எழுதியவரின் பெயர் பெட்ரோ. ரொறொன்ரோவில் அக்கா வீட்டுக்கு வந்து நிற்கிறார். அக்காதான் பேப்பரில் பெயரைக் கண்டாராம். கடிதம் இங்கிலிஷில் ஒரு பக்கம்தான். கீவில் அப்பாவும் அவரும் ஒரே அறை. 1972 ஜனவரியில் இரகசியப் பொலிஸ் அவரைப் பிடித்தது. ஏழு வருடம் யூரல் மலைப் பக்கம் சிறைமுகாம், அதற்குப் பிறகு ஐந்து வருடம் சொந்த ஊருக்கு விடாமல் தூரத்தில் வைத்திருந்தார்கள். முகாமில் அயன்பெட்டிக்கு உள்பாகம் பூட்டும் வேலை. நாள் கணக்கு முடிக்காவிட்டால் சாப்பாடு குறையும், குளிர் அறையில் போடுவார்கள். போன வருடம் தன் பொலிஸ் ஃபைலைப் பார்க்க விட்டார்களாம். அதில் ஒரு கையெழுத்து.

“அது உன்னுடையது, செல்வா. உன்னை ஒரு தரம் பார்க்க வேண்டும்.”

ஜனவரி 20

அப்பாவின் யூனிஃபோம் சேர்ட்டை அயன் பண்ணச் சொன்னார்கள். கொலரைச் சுட்டுவிட்டேன்.

ஜனவரி 24, ஞாயிறு

தமிழ்க் கடையில் இன்று நடந்தது. மரக்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அன்ரி அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். கல்லாவில் நின்ற ஆள் ஊரில் தலையாட்டியாக இருந்தவராம். ஆமி சுற்றிவளைத்தால் எல்லாரையும் வரிசையில் நடக்கவிடுவார்கள். முகத்தில் சாக்கு மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் தலையாட்டினால் அந்த ஆள் போனதுதான். என் சின்னமாமா அப்படித்தான் போனார். பூசா ஆமி முகாமில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்குப் பத்தொன்பது வயது.

அம்மா கூடையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார். காரில் ஏறினபிறகுதான் வாய் திறந்தார்.

“உவங்களுக்கும் பெண்சாதி பிள்ளையள் இருப்பினமே? எப்பிடியப்பா அதுகளோட ஒரு சோத்துக் கோப்பையில கை வைக்கினம்?”

அப்பா சாவியைத் திருப்பினார். கார் ஏற்கெனவே ஸ்ராட்டில் இருந்தது. கிறீச்சென்று கத்தியது.

ஜனவரி 29

மார்ச் 12 எங்கள் குடியுரிமை நேர்முகம். அந்தப் பெட்ரோ, அப்பா கீவில் படித்தவர் என்று அரசாங்கத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். பொய் சொல்லி வந்தவர்கள் என்று மூன்று பேரையும் திருப்பி அனுப்புவார்கள். அங்கே என்ன இருக்கிறது? வீட்டுக்குக் கூரைகூட இல்லை.

அதனால் நானே பதில் எழுதினேன், அப்பா எழுதுகிற மாதிரி. நான் அவர் இல்லை, கீவுக்குப் போனதே இல்லை, மகள் கற்பனையில் எழுதிவிட்டாள், மன்னிக்கவும். முத்திரை ஒட்டிப் பெட்டியில் போட்டேன். போட்டபிறகுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பழக்கின மாதிரி உறையின் மூலையில் எங்கள் விலாசத்தை வடிவாக எழுதியிருக்கிறேன். பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். கை போகவில்லை.

மூதேவி. மூதேவி. மூதேவி.

பெப்ரவரி 8

பதில் வந்தது, இந்த முறை வீட்டுக்கே. நல்ல காலம், தபால்பெட்டிச் சாவி என்னிடம். இங்கிலிஷ் கடிதங்களை நான்தானே வாசித்துச் சொல்வது.

உள்ளே ஒரு படம். பனிக்குள் இரண்டு பெடியன்கள். ஒருவர் அப்பா. மெலிந்து, காதை மூடிய ரோமத் தொப்பியோடு, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார். அப்பாவுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பின்பக்கம் அப்பாவின் தமிழ் எழுத்து: நானும் பெட்ரோவும், 1971.

“கடிதம் எழுதிய பிள்ளைக்கு,” என்று தொடங்கியிருந்தார். பயந்த கை எப்படி எழுதும் என்று தனக்குத் தெரியுமாம். திங்கட்கிழமை 22ஆம் தேதி ஊருக்குத் திரும்புகிறாராம். 20ஆம் தேதி சனி, பின்னேரம் மூன்று மணிக்கு வந்து கதவைத் தட்டுவார். திறக்காவிட்டால் போய்விடுவார்.

போய்விடுவாரா? பொலிசோடு வந்தால்?

பெப்ரவரி 11

சொல்லிவிட்டேன். கட்டடத்தின் அடித்தளத்தில், உடுப்புத் தோய்க்கிற அறையில். அங்கேதான் அம்மா வரமாட்டார். கடிதங்களோடு படத்தைக் கொடுத்தேன். அப்பா அதை வாங்கிக்கொண்டு, சுத்துகிற மெசினுக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார்.

பிறகு சொன்னார், என்னைப் பார்க்காமல். பெட்ரோ ஒரு பொதி வைத்திருந்தாராம். அரசாங்கம் பிடித்துவைத்த ஆட்களின் பெயர்கள், களவாக ரைப் அடித்த தாள்கள். விடுமுறைக்கு லண்டன் போகும்போது அப்பா அதைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஒருநாள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தேத்தண்ணி தந்து, அந்தப் பொதி எங்கே என்று கேட்டார்கள். மேசையில் கொழும்புக்கு ஒருவழி ரிக்கற், அப்பாவின் பெயரில்.

“மூண்டு தங்கச்சிமார், பிள்ளை. பட்டம் இல்லாமப் போய் இறங்கினா அதுகள் மூண்டும் கலியாணம் இல்லாம வீட்டோடதான். மெத்தைக்குக் கீழ எண்டு சொன்னன். கையெழுத்து வைச்சனான்.”

“அவர் உங்கட சிநேகிதன்தானே அப்பா?”

“ஓம்.”

மெசின் நின்றுவிட்டது. அப்பா உடுப்பை எடுக்கவில்லை. அந்தப் பட்டம் எங்கே என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் இருக்கிறதாம். இந்த நாட்டில் ஒரு நாளும் ஒருவரும் கேட்கவில்லையாம்.

பெப்ரவரி 14

அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். சனிக்கிழமை அம்மாவை றிச்மண்ட்ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். நான் வீட்டில் நிற்க வேண்டும். அந்த ஆள் வந்தால் கதவைத் திறந்து, அவர்கள் வீடு மாறிவிட்டார்கள், நான் வேறு ஆட்களின் பிள்ளை என்று சொல்ல வேண்டும்.

“உன்னை ஒண்டும் கேக்கமாட்டான். நீ சின்னப்பிள்ளை.”

நான் தலையாட்டினேன்.

ஆட்டினபிறகுதான் விளங்கியது, என்ன செய்தேன் என்று. குளியலறைக்குள் போய் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அப்பாவை வெறுக்க வேண்டும்போல இருக்கிறது. முடியவில்லை. அந்தப் படத்தில் அப்படிச் சிரிக்கிறாரே.

பெப்ரவரி 17

சாப்பிட முடியவில்லை. காய்ச்சல் என்று அம்மா நெற்றியில் திருநீறு பூசினார். எல்லாவற்றையும் சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

பெப்ரவரி 19, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை.

பின்னேரம் அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அம்மா சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். முதல் கடிதத்தை அப்பா இன்றுதான் முழுவதும் வாசித்திருக்கிறார்போல. திடீரென்று வந்து அம்மாவின் கையிலிருந்து அயன்பெட்டியைப் பறித்து வயரைக் கழற்றினார். அம்மா பயந்துபோனார். என்னப்பா, விசரே பிடிச்சது என்று கேட்டார். அப்பா சூடான பெட்டியைப் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே, தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னார். மெத்தைக்குக் கீழே என்பதையும் சொன்னார்.

அம்மா கத்துவார், அடிப்பார், வெளியே போவார் என்று நினைத்தேன். என் அறைக்கு வந்து என் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அப்பா வேலைக்குப் போகவில்லை. வரவேற்பறையில் லைற் போடாமல் இருக்கிறார். இதை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எழுதுகிறேன்.

பெப்ரவரி 20, சனி. பகல் 2.40

முதல் தடவை பகலில் எழுதுகிறேன். கொப்பியை ஒளிக்கவில்லை.

காலையில் அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு வெளிக்கிடச் சொன்னார். அம்மா சாவியை வாங்கி அரிசி வாளிக்குள் போட்டு மூடினார்.

“என்ர தம்பியைக் காட்டினவன் ஆரெண்டு தெரிஞ்சா நான் அவனைக் கொல்லமாட்டன். ஏன் எண்டு மட்டும் கேப்பன். பத்து வருசமா உந்த ஒரு கேள்வியைத்தான் வைச்சிருக்கிறன். அந்தாளும் அதைத்தான் கொண்டு வருது. இருந்து சொல்லுங்கோ.”

“ராணி, அவன் எழுதிப் போட்டா எங்களை அனுப்பிப்போடுவாங்கள்.”

“அனுப்பட்டும். பிள்ளையை விட்டுப் பொய் சொல்லுவிக்க ஏலாது.”

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கிறதே இல்லை. ஆனால் வடைக்கு அரைத்திருக்கிறார். மாமாவின் படத்தைச் சாமித்தட்டிலிருந்து எடுத்து ரீவிக்கு மேல் வைத்திருக்கிறார். அப்பா கலியாண வீடுகளுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டை, அயன் பண்ணாமல், கசங்கலாகவே போட்டிருக்கிறார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருக்கிறார். சூட்கேசிலிருந்து எடுத்த பட்டம் மடியில்.

ஜன்னலால் பார்த்தேன். பொலிஸ் கார் ஒன்றும் இல்லை. பஸ் தரிப்பிடத்திலிருந்து அப்பாவைவிடக் கிழவராய்த் தெரிகிற ஒருவர் பனிக்குள் மெதுவாக நடந்து வருகிறார். கையில் ஏதோ பெட்டி. கேக்கா? கடதாசிகளா? தெரியவில்லை. கொரிடோரில் காலடி கேட்கிறது. எங்கள் நம்பரைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது.

தட்டுகிறார்.

நான் எழும்பப் போனேன். அம்மா என் தோளை அழுத்தி இருத்திவிட்டார். அப்பா எழும்பி, சங்கிலியைக் கழற்றுகிறார்.