"நான் போறன்"

செவ்வாய்க்கிழமை இரவு, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.

இண்டைக்குப் பின்னேரம் இணையத்திலை போக்கர் சீட்டுப் போட்டி. வழக்கம்போலை நல்ல சீட்டு வருமட்டும் நான் பந்தயம் கட்டாமல் சீட்டை மடிச்சுக்கொண்டு இருந்தன். எதிரிலை 'பாய்மரம்' எண்ட பேரிலை ஒருத்தன். சீட்டைப் பாக்காதவன் மாதிரி ஒவ்வொரு முறையும் தன்ரை பந்தயச் சிப்ஸ் முழுக்கத் தள்ளினான். மற்றவை பயந்து விலகிச்சினம்.

"தம்பி, கொஞ்சம் மிச்சம் வைச்சு விளையாடுமன்" எண்டு அரட்டைப் பெட்டியிலை எழுதினன்.

"நீங்களும் யாழ்ப்பாணமோ அண்ணை? மிச்சம் வைச்சு என்ன செய்யிறது?" எண்டு கேட்டான்.

நான் பொம்பிளை எண்டு திருத்தேல்லை.

பிறகு எனக்கு ஆகப்பெரிய சீட்டு, ரெண்டு ஆசு வந்தது. அவன் திரும்பவும் எல்லாத்தையும் தள்ளினான். இதுக்குத்தானே காத்திருந்தனான். நானும் முழுக்க வைச்சன். அவனிட்டை இருந்தது வெறும் மூண்டும் எட்டும். வெண்டிட்டன்.

"நல்லா விளையாடினியள் அண்ணை. சரி, நான் போறன்" எண்டு எழுதினான்.

எங்கடை ஆக்கள் ஆரும் அப்பிடிச் சொல்லுறேல்லை. கடைக்குப் போகேக்கையும் "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லுவம். "வாறன் எண்டு சொல்லு தம்பி" எண்டு அவசரமா எழுதினன். அதுக்குள்ளை அவன்ரை பேர் மேசையிலை இருந்து மறைஞ்சிட்டுது.

அதுக்குப் பிறகு வந்த சீட்டெல்லாத்தையும் மடிச்சு, தோத்து வெளியிலை வந்தன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டா. புட்டுக் கோப்பையோடை திரும்பவும் திரைக்கு முன்னாலை வந்து இருந்தன். யோசிக்காமல் எழுதியிருப்பான். அப்பிடித்தான் இருக்கும். அவன் ஆர், எந்த ஊர் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை.

நாளைக்கும் போட்டி இருக்கு. விளையாட மனமில்லை. அந்தப் பேர் வருதோ எண்டு பாக்க மட்டும் உள்ளுக்குப் போவன்.