அங்கே தக்காளி என்ன விலை

இந்திய ரூபாயின் காவல் தூதரும் என் அக்காவின் ஒரே மகளுமான உனக்கு,

இங்கே விலைவாசி நலம், நாங்கள்தான் இளைத்துவிட்டோம். சிறுசேரிக் கடைகளில் வடையின் ஓட்டை வழியாக மாமல்லபுரம் கலங்கரை விளக்கமே தெரிகிறது. உன் அம்மா சுடும் வடையில் மட்டும் இன்னும் சுண்டுவிரல்கூட நுழையாது.

மும்பையில் உங்கள் வங்கி வட்டியை ஏற்றியதும், உன் தம்பி பெஞ்சமினின் கேளம்பாக்கம் வீட்டுக் கடன் தவணையும் ஏறிவிட்டது. ஏற்றச் சொல்லிக் கணக்குப் போட்டவர்களில் நீயும் ஒருத்தி என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா உன் போனை எடுப்பதில்லை. நானோ, சொந்தத் தம்பிக்காகக்கூட வளையாத உன்னை நினைத்து மீசையை முறுக்கியதில் பாதி மீசை கையோடு வந்துவிட்டது.

நேற்று அக்காவின் கடையில் சாப்பிட வந்த ஐ.டி. ஆள் ஒருவன், "வட்டிய ஏத்தி உயிர எடுக்கிறானுங்க" என்றான். அக்கா தோசைக் கரண்டியை ஓங்கிய வேகத்தில் கோவளம் வரைக்கும் காக்கைகள் பறந்தன.

"ஏத்தலன்னா நாளைக்கு இந்த தோச இன்னா வெல விக்கும் தெரியுமா? என் பொண்ணு அத்த புடிச்சி நிறுத்திகினு கீறா. பேசாம துன்னு."

"இத போன எடுத்து அவகிட்டயே சொல்லேன், அக்கா" என்றேன்.

"எடுக்க மாட்டேன். எம்புள்ளைக்கு அவ செஞ்சது செஞ்சதுதான்" என்றவள், சற்று நேரம் மாவைக் கலக்கிவிட்டு, "அங்க தக்காளி இன்னா வெலன்னு மட்டும் எழுதிக் கேளு" என்றாள்.

பதிலை எனக்கு எழுதாதே. ஞாயிறு பூசை முடிந்ததும் அவளையே கூப்பிட்டுச் சொல்; தக்காளி விலைக்காகவாவது போனை எடுப்பாள்.

உன் ஒப்பற்ற தாய்மாமன்