வசிப்பிடம்: கல்குடா அல்ல

என் அன்பு அக்கா,

நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். கல்குடாச் சந்தியில் ஒட்டிய உன் மரண அறிவித்தல் மழையில் பாதி கிழிந்துவிட்டது. முதல் வரி மட்டும் அப்படியே நிற்கிறது: ‘செட்டிபாளையத்தைப் பிறப்பிடமாகவும் கல்குடாவை வசிப்பிடமாகவும் கொண்ட...’

எழுதியவன் நான்தான். கல்குடாவில், என் வீட்டில், நீ ஒரு நாளாவது வசித்தாயா?

சுனாமி உன் வீட்டையும் அத்தானையும் கொண்டுபோன பிறகு, யாருக்கும் கேட்காத குரல்கள் உனக்குக் கேட்கத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் மருந்து தந்து, வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டினார்கள். போக வீடில்லை. வாவிக்கரைக் காப்பகத்தில் பதினொரு வருடம் இருந்தாய். ஒருமுறை கேட்டாய்: “தம்பி, உன்ட வீட்ட ரெண்டு நாள் வந்து நிக்கட்டா?”

“பாப்பம் அக்கா” என்றேன். பிறகு நீ கேட்கவேயில்லை.

உன் மருமகளுக்கு, என் மகளுக்கு, கலியாணம் பேசும் நேரம் இது. “மச்சாள் மனநோய்க் காப்பகத்தில இரிந்தவ எண்டு ஊரெல்லாம் ஒட்டப் போறீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். அவள்மேல் பழி போடமாட்டேன். பேனா என் கையில்தான் இருந்தது. செத்தவர்களின் ஊரையும் வயதையும் இரண்டு தரம் கேட்டுப் பத்திரிகையில் எழுதுவதே முப்பது வருடமாக என் தொழில்.

நேற்று உன் உடுப்புகளை எடுக்கக் காப்பகத்துக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடி ஜெசீமா ராத்தா இருந்தார். “நீ முழுங்குகா மணி, பிறகு நான்” என்று சண்டை பிடித்து, இரண்டு பேரும் ஒன்றாகத்தானே மருந்துக் குளிசை போடுவீர்கள்? நான் வந்தால் அவரைச் சீண்டுவாய்: “பேப்பர்காரன் வாறான், பொய் சொல்லாமக் கதை. எழுதிப் போட்டிருவான்.”

நீ ஆஸ்பத்திரியில் கண்மூடியதும், உன்னை அங்கிருந்து நேரே கல்குடாவுக்குக் கொண்டுபோனோம். ராத்தாவுக்கு உன் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. பொறுப்பாளர் கொடுத்த அறிவித்தலை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். எடுத்து என்னிடமே காட்டினார். அதில் இருப்பது உன் கலியாணப் படம். அந்தப் பெண்ணை அவருக்கு எப்படித் தெரியும்?

“பாருங்க தம்பி, இது கல்குடாவுல இரிந்த ஆள். பாவம், மௌத்தாப் போயிட்டா. நம்மட மணி இஞ்சதானே இரிந்த?”

“ராத்தா, அது அக்காதான்.”

“அப்ப பேப்பர்காரன் பொய்யா எழுதின நீங்க?”

நான் குனிந்து உன் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தேன்.

இரண்டு கிழமையாக அவர் குளிசையைத் தொடவில்லையாம். “மணி வரட்டும், சேந்து போடுறம்” என்கிறாராம். சுவரைப் பார்த்துக் கதைக்கவும் தொடங்கிவிட்டார்.

பத்திரிகையில் பிழை வந்தால் திருத்தம் போடுவோம். உன் முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தலை நேற்றே எழுதிவிட்டேன். வசிப்பிடம் என்ற இடத்தில் காப்பகத்தின் பெயர் இருக்கிறது. படம், போன பொங்கலுக்கு நீ உன் கட்டிலில் இருந்து சிரித்தது. ராத்தாவின் தோளும் கொஞ்சம் தெரிகிறது. மனைவி வாங்கி, நெடுநேரம் பார்த்தாள். “படம் நல்லாயிரிக்கு” என்றாள்.

அச்சானதும் ராத்தாவிடம்தான் முதலில் கொண்டுபோவேன். பொய் எழுதியது நான்தான் என்று சொல்லுவேன். நம்புவாரா, அக்கா? நம்பாவிட்டால் மறுநாளும் போவேன். அவர் குளிசையைக் கையில் எடுக்கும்வரை உன் கட்டிலின் ஓரத்தில் போய் இருப்பேன். எத்தனை நாளானாலும்.

செட்டிபாளையத்தில் உனக்குப் பின் பிறந்த
உன் தம்பி