மணல் மூட்டை குதிக்காது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா சுகம். முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் வருகிறது, டி.வி.யைக் கண்டால் போய்விடுகிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். என் சுகம் எப்படி என்று கடிதத்தை முடிக்கும்போது உனக்கே தெரியும்.

முதலில் விஷயம். அடுத்த வாரம் சனிக்கிழமை நான் வேலை பார்க்கிற அரங்கத்தில் நடக்கும் கச்சேரிக்கு, பால்கனி முன்வரிசையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எனக்குமாக மூன்று இருக்கை எடுத்திருக்கிறாய். அங்கே உட்காராதே. அந்தப் பால்கனி விழுந்துவிடும் என்று பயப்படுகிறேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இது எனக்குத் தெரிந்ததே உன் பாட்டுக்காரர்களால்தான். "நேர்ல பாக்கறதுக்கு முன்னாடி பழகிக்கணும்ப்பா, சும்மா வந்து உக்காந்தா ஒண்ணும் புரியாது" என்று சொல்லி, பதினான்கு ஆல்பங்களைப் பென் டிரைவில் போட்டு, எதை முதலில் கேட்க வேண்டும், எதைக் கடைசியில் என்று பட்டியலும் அனுப்பினாய். நாற்பத்தாறு வருஷமாக வாசிக்கிற ராக் குழுவை நான் ஒரே மாதத்தில் பழக வேண்டும். முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு இருபத்து மூன்று நிமிஷம். வீட்டுத் தண்ணீர் பம்பைக் கழற்றித் துடைத்து மாட்டி முடித்தேன். அதுவரை பாடுகிறவர் வாயே திறக்கவில்லை. "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்" என்று அம்மா கேட்டாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நீ சொல்வாயே என்று பொறுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது ஆல்பத்தில்தான் பிடி கிடைத்தது. மற்றவர்கள் நான்கு நான்காக எண்ணுகிற இடத்தில் இவர்கள் ஏழு ஏழாக எண்ணுகிறார்கள். அன்றைக்கு அரங்கத்தின் படிகளை நானும் ஏழு ஏழாக எண்ணி ஏறினேன். பெயின்டர் பார்த்துவிட்டு, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறான். பதினேழு வயதில் நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது இதைத்தான். வெளியே நின்று சத்தத்தைக் குறை என்று கத்தியவன் நான். இப்போதுதான் உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது, பாப்பா. ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

பட்டியலின் கடைசியில், அதே இருபத்து மூன்று நிமிஷப் பாட்டை மேடையில் வாசித்த பதிவு. பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: பதினெட்டாவது நிமிஷத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும், டிரம்ஸ் மட்டும் அடிக்கும், கூட்டம் முழுக்க எழுந்து காலால் தட்டும், மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏறும், எந்த ஊரிலும் இது தவறாது, நாமும் தட்ட வேண்டும் என்று. கேட்டேன். ஆயிரம் கால்கள் ஒரே காலாக விழுந்தன, நான்கு நிமிஷம். உனக்கு அதில் புல்லரித்திருக்கும். எனக்கு எங்கள் பால்கனிதான் கண்ணில் வந்து நின்றது.

எங்கள் அரங்கத்தில் இதுவரை யாரும் குதித்ததில்லை. நாடகம், பட்டமளிப்பு, சொற்பொழிவு. வருகிறவர்கள் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போவார்கள். அறுநூறு பேர் உட்காரும் பால்கனிக்குக் கீழே ஒரு தூண்கூடக் கிடையாது. போன வருஷம் அதன் அடிப்பக்கத்தில் மயிரிழை அளவு விரிசல் பார்த்தேன். குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். பிறகு இன்ஜினியர் வந்து பாரம் ஏற்றிச் சோதித்தார். இருக்கைக்கு ஒரு மணல் மூட்டை, ஓர் ஆளின் எடையைவிடக் கூடுதலாகவே. ஒரு நாள் முழுக்க வைத்திருந்தோம். பால்கனி நூலளவு இறங்கியது, மூட்டைகளை எடுத்ததும் பழையபடி ஏறியது. கண்ணாடியும் உடையவில்லை. உறுதியாக இருக்கிறது என்று சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட்டார். பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று அதற்குக் கீழே நானும் போட்டேன். மணல் மூட்டை குதிக்காது என்பது எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன புதன்கிழமை மதியம் அரங்கம் காலியாக இருந்தது. பெயின்டர், எலக்ட்ரீஷியன்கள், துப்புரவு செய்கிற பெண்கள் என்று எட்டுப் பேரை மேலே நிறுத்தி, உன் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு, டிரம்ஸோடு சேர்ந்து தட்டச் சொன்னேன். பெரிசுக்கு முற்றிவிட்டது என்று சிரித்துக்கொண்டே தட்டினார்கள். நான் கீழே நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. வேகம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் பால்கனியும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. என் முகத்தில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர்கள் நிறுத்திவிட்டார்கள். பால்கனி நிற்கவில்லை, நான் இரண்டு மூச்சு விடும்வரை ஆடிக்கொண்டே இருந்தது. ஏணி போட்டுப் பார்த்தேன். கண்ணாடி இரண்டாகியிருந்தது. தட்டியவர்கள் எட்டே பேர்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "ஏங்க, நீங்களே கையெழுத்து போட்டுட்டு நீங்களே பயந்தா எப்படி?" என்றார். டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டதாம். இன்ஜினியர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றவர் அப்புறம் போனை எடுக்கவில்லை. கடைசியில், காலால் தட்டக் கூடாது என்று ஓர் அறிவிப்பு ஒட்ட மேலாளர் சம்மதித்தார். உன் ஆட்கள் அதைப் படித்துவிட்டுத் தட்டுவார்கள். விரிசல் மேல் வெள்ளை அடிக்கவும் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பெயின்டர் நேற்றே அடித்து முடித்துவிட்டான்.

அரங்கத்துக்கு லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கு, என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மனு எழுதி, நான்கு நாளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கொடுத்தால் கச்சேரி நின்றுவிடும். இதுதான் அவர்களுடைய கடைசிச் சுற்றுப்பயணம், பாடுகிறவருக்கு எழுபது வயது, நீ இருபது வருஷம் காத்திருந்தாய், அதை நானே கெடுப்பதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய், பாப்பா. நான் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது. தப்பாகக் கையெழுத்துப் போட்டவன் என்ற பெயரோடு வெளியே போகப் பயமாக இருக்கிறது. உன்னைச் சாக்கு வைத்து அந்தப் பயத்தை மூடிக்கொண்டேன்.

இருக்கையை மாற்றிக்கொள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. நீ மாற்றிக்கொண்டால் அந்த மூன்று இடத்தில் வேறு வீட்டுப் பெண் ஒருத்தி தன் அப்பாவைக் கூட்டிவந்து உட்காருவாள். அவளும் பட்டியல் போட்டுப் பழக்கியிருப்பாள். எந்த நிமிஷத்தில் எழுந்து தட்ட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக அந்த அலுவலகத்துக்குப் போவதாக இருக்கிறேன். போய்விடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேற்றும் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவன் நான். கடிதம் உனக்குக் கிடைக்க மூன்று நாள் ஆகும். அதற்குள் கச்சேரி ரத்து என்று செய்தி வந்திருந்தால், வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிக்கொள். எந்தச் செய்தியும் வராவிட்டால், என்னைக் கூப்பிட்டுக் கேட்காதே. கேட்டால் ஏதாவது சமாதானம் சொல்வேன், நீயும் நம்பிவிடுவாய். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீயே அந்த அலுவலகத்துக்குப் போ. அப்பா பெயர் கெட்டுப்போகுமே என்று பார்க்காதே. கீழே போட்டிருப்பது சான்றிதழில் போட்ட அதே கையெழுத்துதான். அவர்கள் ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் ரொம்ப வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா