றேணுவின் முழங்காலும் நூற்றிருபது பார் மெஷினும்

2 ஜூன் 2024, ஞாயிறு

இன்று முதல் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இத்தால் உறுதியளிக்கிறேன். நம்புகிறவர் யாரும் இருந்தால் அவரை முதலில் ஒரு நல்ல டொக்டரிடம் காட்டவேண்டும். இப்படிக்கு, தில்லைநாதன், ஓய்வுபெற்ற கப்பல் கம்பனிக் கிளார்க், கொட்டாஞ்சேனைக் கீழ்வீட்டுச் சக்கரவர்த்தி.

விஷயம் பாசி. மழை தொடங்கியதிலிருந்து கேற்றுக்கும் குசினிக்கும் இடையிலிருக்கிற எங்கள் சீமெந்து முற்றம் பச்சையாகிவிட்டது. சாதாரணப் பச்சை இல்லை. நுவரெலியாவிலிருந்து ஒரு தோட்டத்துரை வந்து, ஏக்கர் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார். அங்கேயே நிற்கிற என் வெள்ளை மாருதியும் பச்சை. நேற்று ஒரு மாடு அதை நக்கிப் பார்த்தது.

என் மனைவி றேணுகா சிரிக்கவில்லை. அவளுக்கு ஒப்பரேஷன் செய்து புது முழங்கால் வைத்து ஒரு மாதமாகிறது. நடந்து நடந்துதான் அதை மடக்கிப் பழக்கவேண்டுமாம். வீட்டுக்குள் நடக்க இடமில்லை. கட்டிலில் இருந்து பாத்ரூம், அவ்வளவுதான். றோட்டில் கன்டெய்னர் லொறி. மிச்சம் இந்த முற்றம். போன வருஷம் இதே பாசியில் வழுக்கி விழுந்தவள். அது போகும்வரை வெளியில் கால் வைக்கமாட்டாளாம்.

நானும் தும்பு பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு போர் தொடுத்தேன். இரண்டு நாளில் பாசி திரும்பி வந்தது, சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு. என் இடுப்புத்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

4 ஜூன், செவ்வாய்

பிசியோ பிள்ளை ஷிம்னா வந்து போனாள். முழங்காலில் அளவுகோல் வைத்துப் பார்த்தாள். முகம் சரியில்லை. ஆன்ட்டி கட்டிலிலேயே இருக்கிறா போல என்று சொன்னாள். சொன்னது றேணுவைப் பற்றி, பார்த்தது என்னை.

இருபத்தினாலாம் திகதி டொக்டர் பார்ப்பாராம். அதற்குள் மடியாவிட்டால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் போட்டு, மயக்கமருந்து கொடுத்து மடக்குவார்களாம்.

மடக்குவார்களாம்! என்ன, அது மடக்குக் கதிரையா?

தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிற பிரஷர் வோஷர் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

5 ஜூன், புதன்

நாள் முழுக்க வீடியோ. ஒருவன் தண்ணீரைப் பீய்ச்சுகிறான், கறுத்த கல் வெள்ளைக் கல்லாகிறது. இன்னொருவன் பீய்ச்சுகிறான், பழைய கார் கலியாண மாப்பிள்ளையாகிறது. பார் என்று ஒரு கணக்கு இருக்கிறது, தண்ணீரின் அழுத்தத்துக்கு. நூறு பார், நூற்றைம்பது பார், இருநூறு பார். இருநூறை எங்கள் முற்றத்தில் அடித்தால் பாசி என்ன, சீமெந்து என்ன, கீழே படுத்திருக்கிற ஒல்லாந்தர் எல்லாம் எழும்பி வந்து கோப்பி கேட்பார்கள்.

எது நல்லது? எது கடையில் மினுங்கிவிட்டு வீட்டில் படுத்துவிடும்? ஆருக்குத் தெரியும்?

எழும்பி நடந்தேன். இருந்தேன். திரும்பவும் எழும்பினேன். நடக்கவேண்டியவள் படுத்திருக்கிறாள், படுக்கவேண்டிய கிழவன் நடந்துகொண்டிருக்கிறேன்.

8 ஜூன், சனி

நிரோஷன் வந்தான். அக்காவின் மகன், வெள்ளவத்தையில் இருக்கிறான், கார் என்றால் அவனுக்கு உயிர். இரண்டு பேருமாகப் புறக்கோட்டையிலும் பஞ்சிகாவத்தையிலும் கடை கடையாக ஏறினோம்.

ஒரு கடை முதலாளி ஆள் உயரப் பெட்டியைத் தட்டி, "அங்கிள், மேக சுப்பிரி", இது திறம் சாமான் என்று சிங்களத்தில் சத்தியம் செய்தார். இருநூற்றிருபது பார் என்று பெட்டியில் நெருப்பு நிறத்தில் எழுதியிருந்தது. கடை வாசலில் பூட்டி, துப்பாக்கியை என் கையில் தந்தார். அமத்தினேன். அவ்வளவுதான் ஞாபகம். கண் திறக்கும்போது பேலியகொடை மீன் சந்தையில் கிடக்கிறேன், மடியில் ஒரு கெலவல்லா மீன். பஸ் பிடித்துத் திரும்பி வந்து, இது கொஞ்சம் கூடுதலோ என்று கேட்டேன்.

நிரோஷன் என்னை ஒரு பக்கம் இழுத்தான். "மாமா, பெட்டியில எழுதுறதுக்கு மை மட்டும்தான் வேணும். இது பழுதாப்போனா கொழும்பில ஆர் திருத்துவினம்? அதைக் கேளுங்கோ."

கேட்டேன். முதலாளி தலைக்கு மேலே சுத்துகிற ஃபேனைப் பார்த்தார். அடுத்த கடையிலும் கேட்டேன். அங்கே ஃபேன் இல்லை, சுவரைப் பார்த்தார்கள்.

9 ஜூன், ஞாயிறு

மழை. றேணு பாத்ரூமுக்குப் போய் வந்தாள். இன்றைய நடை அவ்வளவுதான்.

11 ஜூன், செவ்வாய்

நிரோஷன் போனில் வகுப்பெடுத்தான். இன்டக்‌ஷன் மோட்டர் என்றால் பாரம், ஆனால் சத்தம் குறைவு, நெடுநாள் உழைக்கும். மற்ற மோட்டர் லேசு, பூனை சண்டை மாதிரிக் கத்தும், சூடேறினால் புகைக்கும். துப்பாக்கியை விட்டதும் தானாக நிற்கவேண்டும். ஹோஸ் நீளமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மெஷினை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு திரியவேண்டும். பழைய காருக்கும் முற்றத்துக்கும் நூற்றிருபது பார் தாராளமாம், அகலமாக விசிறுகிற நொசில் போட்டுத் தூரத்தில் நின்று அடித்தால்.

எல்லாவற்றையும் குறித்தேன். குறித்துவிட்டு இன்னும் நாலு வீடியோ பார்த்தேன். ஒரு மெஷினை ஒருவன் புகழ்கிறான், அதே மெஷினை அடுத்தவன் திட்டுகிறான். நான் யாரை நம்புவது? இரண்டு பேருக்கும் தாடி.

றேணு அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். போனேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் மெஷின் தேடி முடிக்கிறதுக்குள்ள என்ர முழங்கால் கட்டையாப் போயிடும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது எடுத்து விட்டிருப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். போய் வீடியோவை நிறுத்தினேன்.

12 ஜூன், புதன்

வாங்கியாயிற்று!

புறக்கோட்டையும் பஞ்சிகாவத்தையும் அளந்த மாமன்னர், கடைசியில் எங்கள் சந்தியிலேயே இருக்கிற சின்னக் கடையில் சரணடைந்தார். கடைக்காரப் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவ மேலேயும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. லாச்சியை இழுத்து, இந்த மெஷினுக்கு வருகிற வாஷர், வால்வு, ஹோஸ் எல்லாம் காட்டினா. பின்னால் அதே மாதிரி மெஷின் ஒன்று கழற்றிப் போட்டபடி கிடந்தது. "பழுதாகும் அங்கிள். பழுதானாக் கொண்டுவாங்க" என்றா. பழுதாகாது என்று சொன்ன ஆட்கள் எல்லாரையும் விட இந்த ஒரு ஆளில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நூற்றிருபது பார். இன்டக்‌ஷன் மோட்டர். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாரத்தில் முன்சக்கரம் தூக்கி, எங்கள் கேற் வரைக்கும் ஆகாயத்தில்தான் வந்தோம்.

14 ஜூன், வெள்ளி

வெள்ளிக்கிழமை, நல்ல நாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெஷினைக் குழாயில் பூட்டினேன். முதல் மரியாதை மாருதிக்கு. ஆகா! பச்சை போனது. கிட்டப் போய் அடித்தேனா, கூடவே கொஞ்சம் காரும் போனது. பின்கதவில் கையகலத்துக்குப் பெயின்ற் இல்லை. பரவாயில்லை. ஜன்னலில் றேணுவின் தலை தெரிந்தது. பார்க்கிறாள். மார்பை நிமிர்த்திக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பினேன்.

மெஷின் இருமியது. விக்கியது. துப்பாக்கியில் இருந்து சின்னப்பிள்ளை ஒன்றுக்குப் போகிற அளவு தண்ணீர் வந்தது. பிறகு அதுவும் இல்லை. உள்ளே வெறும் மோட்டர் உறுமுகிறது. நிறுத்தினேன். கடைக்காரப் பெண்ணைச் சபிக்க வாய் திறந்தேன்.

அப்போதுதான் மேலிருந்து படியில் காலடி. மேல்வீட்டு இன்ஸாப். புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம், பெரிய மனுஷன். இடுப்பில் ஈரச் சாரம், தலை முழுக்க நுரை, ஒரு கண் மூடியிருக்கிறது.

"தில்லை அங்கிள், என்ட தலையில சோப்பு. டாங்கில சொட்டுத் தண்ணியில்ல. நான் ஜும்மாத் தொழுகைக்கு இப்பிடியே போறதா?"

மொட்டைமாடியில் இருக்கிற ஒரே ஒரு கறுப்பு டாங்கிதான் இரண்டு வீட்டுக்கும். வெள்ளி மத்தியானம் மேல்வீட்டில் தகப்பனும் மகன்மாரும் வரிசையாகக் குளிப்பது இந்த ஒழுங்கையில் பூனைக்கும் தெரியும். நான் பார் கணக்கு மட்டும்தான் பார்த்தேன். மெஷின் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வீடியோவும் சொல்லவில்லையே.

கொதிக்கவைத்து ஆறவைத்த குடிதண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டு ஓடினேன். உலகத்தில் முதல்முறையாக ஒரு மனிதன் அவ்வளவு சுத்தமான தண்ணீரில் தலை கழுவினான். கழுவிவிட்டுத் தடதடவென்று படியேறி மேலே போனான்.

முற்றம் பச்சையாகவே இருக்கிறது.

15 ஜூன், சனி

மேலே நடக்கிற காலடிகூடக் கோபமாகக் கேட்கிறது. மெஷினைச் சாக்கால் மூடி வைத்திருக்கிறேன். டாங்கியில் அவர்களுக்கும் பாதி உரிமை. கேற்றடிக் குழாயில் விடியப்புறம் மட்டும்தான் வேகம், பிறகு நூல். திருப்பிக் கொடுக்கலாமா? கொடுத்துவிட்டு? திரும்பவும் தும்பு பிரஷ்ஷா?

17 ஜூன், திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். இந்த வருஷம் எங்களுக்கு ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பைறோஸா, இன்ஸாப்பின் மனைவி, தானே வட்டிலப்பம் கொண்டு இறங்கி வந்தா. அவர் கோபமில்லையாம், போத்தல் தண்ணீர்க் கதையைத் தன் ஆட்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாராம்.

றேணுவோடு கொஞ்சநேரம் கதைத்துவிட்டு வெளியே வந்தா. வாசலில் நிற்கவைத்து, இருபத்தினாலாம் திகதியைப் பற்றிச் சொன்னேன். ஒரு பகிடியும் விடவில்லை. வரவில்லை. பைறோஸா சாதாரணமாக என் கதைக்குப் பாதியிலேயே சிரிப்பா. இன்று கேட்டுக்கொண்டு நின்றா.

19 ஜூன், புதன்

இன்ஸாப் கடை வானில் ஒரு நீலப் பெரலும், ஒரு முனையில் வலை பூட்டிய ஹோஸும் கொண்டுவந்து இறக்கினான். "டாங்கில கை வைக்க வேணாம் அங்கிள். விடிய கேற் பைப்புல தண்ணி நல்லா வரும். இதை நிரப்பிக்கொண்டா மெஷின் இதில இருந்து இழுக்கும். மெஷினோட வந்த புக்ல படம் போட்டிருக்கே, பாக்கல்லையா?"

நான் புக் பார்க்கிற ஆளா?

பெரலில் முன்பு சர்பத் இருந்ததாம். எவ்வளவு கழுவியும் ரோசா வாசம் போகவில்லை. ஹெந்தளையில் இருந்து எறும்புகள் கொடி பிடித்து, களனிப் பாலத்தைக் கடந்து ஊர்வலமாக வந்துகொண்டிருப்பதாகத் தகவல்.

21 ஜூன், வெள்ளி

பௌர்ணமி, போயா லீவு. திரும்பவும் மழை. சாக்குக்குள் மெஷின். எனக்கு இருக்க முடியவில்லை.

22 ஜூன், சனி

விடியவே பெரல் நிரம்பிவிட்டது. மழை இல்லை. அடித்தேன். விக்கல் இல்லை, இருமல் இல்லை. பச்சை சுருண்டு சுருண்டு வாய்க்காலுக்கு ஓடியது. உள்ளே இருந்த சாம்பல் சீமெந்தை எவ்வளவு நாளைக்குப் பிறகு பார்க்கிறேன்! ஊர் முழுக்க ரோசா வாசம். துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல் ஒன்று, வாசத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்து திரும்ப முடியாமல் நின்றது.

றேணு குசினி வாசலில் வோக்கரோடு வந்து நின்றாள். கழுவிக் காய்ந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் கதிரையை வெளியில் போடச் சொன்னாள். போட்டேன். இருந்தாள். இருந்துகொண்டு என் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினாள். அந்த மூலையை விட்டிட்டியள். சுவரோரம் அப்பிடியே கிடக்குது. கோடு கோடாத் தெரியுது, இதென்ன வரிக்குதிரையோ?

"இஞ்ச தாங்கோ அதை" என்று துப்பாக்கியை வாங்கினாள்.

விசிறி நொசில்தான், உதைப்பு அவ்வளவு இல்லை. என்றாலும் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். இருந்தபடியே மூலையை அடித்தாள். எட்டவில்லை. எழும்பினாள். ஒரு அடி. மூலை முடிந்தது. சுவரோரம். இன்னொரு அடி. பச்சை ஓட ஓட அதன் பின்னால் போகிறாள். நான் ஹோஸைத் தூக்கிக்கொண்டு, மணப்பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடிக்கிற தோழி மாதிரிப் பின்னால் போகிறேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடுவாள். வோக்கர் அங்கே, கதிரையடியில், தனியாக.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு கையால் பொனெற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே இன்னும் பச்சை இருக்குதோ என்று குனிந்து பார்த்தாள்.

மடிந்தது. முழங்கால் மடிந்தது. அவளுக்குத் தெரியாது. அவள் பாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

24 ஜூன், திங்கள்

டொக்டர் மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், ஷிம்னா அனுப்பிய பழைய அளவைப் பார்த்தார். மயக்கமருந்து தேவையில்லை என்றார். என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார்.

"முற்றம் கழுவினனான்" என்றாள் றேணு.

டொக்டர் சிரித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார், வீட்டில் பகிடி விடுகிற ஆள் நீங்கள்தானோ என்கிற மாதிரி. காரில் வரும்போது றேணு, பின்கதவில் பெயின்ற் போனதைப் பற்றி வழி முழுக்கப் பேசினாள். பேசட்டும்.

தோட்டத்துரை பொய். மாட்டைப் பற்றி எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. பேலியகொடைக்குப் பறந்தது, ஓட்டோ ஆகாயத்தில் வந்தது, எறும்பு ஊர்வலம், ஒழுங்கைக்குள் கப்பல் — எல்லாம் தில்லைநாதன் அளந்தது. காருக்கு அடியில் பாசி இருக்குதோ என்று றேணு குனிந்தாளே, அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.